நீந்தக் கற்றல்

உடலுக்கு உறுதி தரும் பயிற்சிகள் பல. அவற்றுள் உறுதியோடு உயிர்க்காப்பும் தருவது நீச்சல். ஓட்டப் பந்தயத்தில் பின்தங்குபவன் பரிசினை இழப்பான். நீந்த அறியாது ஆழத்தில் அகப்பட்டவனோ உயிரையே இழப்பான். ஆதலின், நீச்சலை ஒரு சிலர்க்கே உரிய விளையாட்டு எனக் கருதுதல் தவறு. அஃது எல்லார்க்கும் உரிய கல்வியாகும். அக்கல்வி ஒருவரை எத்துணை உயரத்திற்கு ஏற்றும் என்பதையும், ஊரார் துணையின்றேல் அவ்வுயர்வு நிலையாது என்பதையும் தமிழ்நாட்டு வீரர் ஒருவரின் வரலாறு காட்டும்.

குற்றாலீசுவரன் 1981-ஆம் ஆண்டில் பிறந்தவர். 1994-ஆம் ஆண்டில், பள்ளி மாணவராய் இருந்தபொழுதே, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அக்கால்வாய் மிகக் குறுகிய இடத்திலும் ஏறத்தாழ 33 கிலோமீட்டர் அகலம் உடையது. கோடையிலும் அதன் நீர் குளிர்ந்தே இருக்கும். நீரோட்டம் நீந்துவோரைப் பக்கவாட்டில் இழுக்கும். அதனால் அவர்கள் கடக்கும் தொலைவு கால்வாயின் அகலத்தினும் மிகும். துணைப்படகு உடன் வரும். அதிலிருந்து உணவு பெறலாம். ஆயின் படகைப் பற்றுதல் கூடாது. பற்றினால் முயற்சி செல்லாது. இத்தகைய கடலை வென்ற அச்சிறுவர், இலங்கைக்கும் தமிழகத்திற்கும் இடைப்பட்ட பாக்கு நீரிணையையும் கடந்தார். ஒரே ஆண்டில் ஆறு நீர்ப்பரப்புகளை நீந்தி, 1966-ஆம் ஆண்டில் மிகிர் சென் என்னும் வங்க வீரர் ஐந்தினைக் கடந்து நிறுவிய அருஞ்செயலை விஞ்சினார். அருச்சுனா விருதும் அவரை வந்தடைந்தது.

இத்துணைப் புகழ் பெற்றும் அவருடைய நீச்சல் வாழ்வு நீடிக்கவில்லை. அயல்நாட்டுக் கடல்களில் நீந்துதற்குப் பயணச் செலவும் படகுச் செலவும் பெரிதாகும். அதற்கு வேண்டிய பொருளுதவி போதிய அளவு கிட்டாமையால், அவர் நீச்சலை விடுத்துக் கல்வியில் கருத்தூன்றிப் பொறியியல் துறையில் புகுந்தார். அது வீரரின் குறையன்று. வெற்றிக்கு மாலை சூட்டிய சமுதாயம் அடுத்த முயற்சிக்கு வழி செய்யாமையே குறை.

வீரர் தோன்றுதற்கும் நிலைத்தற்கும் ஊரின் துணை வேண்டும். அத்துணையை நல்கத்தக்க ஊர்களுள் மதுரையும் ஒன்று. வைகைக் கரையில் அமைந்த அந்நகர்க்கு நீராட்டு புதியதன்று. வைகைப் புனலில் மக்கள் ஆடிக் களித்ததைச் சங்க நூலாகிய பரிபாடல் சிறப்பித்துப் பாடுகின்றது. நகரைச் சூழ்ந்த சமவெளியில் ஊர்தோறும் கண்மாய் உண்டு. முன்னாளில் சிறுவர், காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு, பெரியோர் பார்த்திருக்கக் கிணற்றில் இறங்கி நீந்தப் பழகினர். அதற்குப் பள்ளியும் இல்லை, கட்டணமும் இல்லை.

இன்றோ வைகை ஆண்டில் பல மாதங்கள் மணலாய்க் கிடக்கின்றது. ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகியதனால் இறங்கு கிணறுகள் அருகின. நீர்நிலைகள் குறைந்தன, நீந்தக் கற்போரும் குறைந்தனர், ஆயின் நீரின் ஆழம் குறையவில்லை. மழை பெய்து கண்மாய் நிரம்பும்பொழுது, மண் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்து நிற்கின்றன. நீந்த அறியாத பிள்ளை மகிழ்ச்சியோடு இறங்குகிறது. இரண்டடி நடந்தால் நிலை கொள்வதில்லை. விடுமுறை நாள்களில் இவ்வாறு நேரும் இழப்புகள் பல வீடுகளை இருளில் ஆழ்த்துகின்றன.

“நீர்ப்பக்கம் போகாதே” என்று பெற்றோர் தடுத்தல் இயல்பே. அவ்வச்சம் அன்பில் பிறந்தது. எனினும் தடை, பெற்றோர் கண்ணெதிரே மட்டும் நிற்கும். கற்ற நீச்சலோ பிள்ளை செல்லும் இடமெல்லாம் உடன் செல்லும்.

மதுரைப் பந்தயத்திடல் விளையாட்டரங்கில் நீச்சற்குளம் உள்ளது. ஆயினும் தொலைவிலுள்ள சிற்றூர்ப் பிள்ளைகள் நாள்தோறும் அங்கு வந்து பழகுதல் இயலுமோ? ஆகவே கண்மாயின் ஒரு பகுதியைச் சமன்செய்து, எல்லைக்குக் கயிறு கட்டி, பயிற்சி பெற்ற ஆசிரியரை அமர்த்தி, நீர் நிறைந்துள்ள மாதங்களில் ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி அனைவர்க்கும் கற்பித்தல் வேண்டும். இதற்கு ஆகும் செலவு சிறிது; காக்கப்படும் உயிர்களோ விலை மதிப்பற்றவை.

நூறு பிள்ளைகள் நீந்தக் கற்பின், நூற்றுவரும் உயிர்க்காப்புப் பெறுவர். அவருள் ஒருவர் கடலைக் கடக்கும் ஆற்றல் உடையவராயின், அவரைக் கண்டறிந்து, இறுதிவரை பொருளுதவி அளித்துத் தாங்குதல் நாட்டின் கடமை. கடல் கடக்கும் வீரரும் முதலில் கரையோரத்தில் கைகால் அடித்துப் பழகியவரே. அக்கரையை எல்லாப் பிள்ளைகட்கும் உரியதாக்குதலே முதற்பணியாகும்.