பிரசவம் வரை கல் காத்திருக்காது

"கர்ப்பிணிக்கு நீர்க்கடுப்பு சகஜம். சிறுநீர்ப்பையில் கல்லே இருந்தாலும் வாழைத்தண்டுச் சாறு போதும், ஸ்கேனும் சிகிச்சையும் சிசுவுக்கு ஆபத்து, குழந்தை பிறந்தபின் பார்க்கலாம்" என்கிறார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் ஒவ்வொரு வாதமும் தவறு.

1. அடிக்கடி சிறுநீர் கழிப்பது கர்ப்பத்தில் இயல்பு. எரிச்சல், இரத்தம், பாதியில் நின்றுபோகும் நீர் ஆகியவை இயல்பல்ல. இரண்டையும் ஏன் குழப்புகிறீர்கள்?

2. பெண்களுக்குச் சிறுநீர்ப்பைக் கல் அரிது. வந்தால் பெரும்பாலும் காரணம் இருக்கும்: நீர் முழுதும் வெளியேறாமை, தீராத கிருமித்தொற்று, இடம்பெயர்ந்து உள்ளே புகுந்த காப்பர்-டி. காப்பர்-டியை எந்தச் சாறு கரைக்கும்?

3. கல் இருக்கும்வரை தொற்று திரும்பத் திரும்ப வரலாம். அது சிறுநீரகத்துக்கு ஏறினால் கடும் காய்ச்சலும் குறைப்பிரசவமும் நேரலாம்.

4. சிறுநீர்ப்பை பிறப்புவழிக்கு நேர் முன்னால் இருக்கிறது. பெரிய கல் குழந்தையின் தலையை இறங்கவிடாமல் தடுக்கலாம். தலைக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நெடுநேரம் நசுங்கும் சதை அழுகினால் துளை விழும். பிறகு சிறுநீர் யோனி வழியே ஓயாமல் கசியும். "பிறந்தபின்" பார்க்க வேண்டியது இதையா?

5. அல்ட்ராசவுண்ட் வெறும் ஒலியலை, கதிர்வீச்சு இல்லை. அதிர்வலையால் கல்லை உடைப்பதுதான் கர்ப்பத்தில் கூடாது. சிறிய கல்லைச் சிறுநீர்த் துவாரம் வழியே கருவி செலுத்தி எடுக்கலாம். அவசியமான அறுவைக்குக் கர்ப்பத்தின் 4 முதல் 6-ஆம் மாதம் வரை ஏற்ற காலம்.

காத்திருப்பது பாதுகாப்பு அல்ல. சிறுநீர்ப் பரிசோதனையும் ஸ்கேனும் இன்றே செய்யுங்கள்.