தள்ளிப்போடப்படும் பழுதுகள்

சில ஆண்டுகளுக்கு முன் மே மாதப் பகல் ஒன்றில் சென்னையிலிருந்து தில்லிக்கு விமானம் ஏறினேன். கதவு மூடிய பின்னும் உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. தரையில் நிற்கும்போது குளிரூட்டிக்கு உதவும் துணை இயந்திரம் இயங்கவில்லை; ஆனால், இந்நிலையில் பறக்க விதிகளில் இடமுண்டு என்று விமானி அறிவித்தார். 'பழுதோடுதான் கிளப்புகிறார்களா?' என்று பக்கத்து இருக்கைக்காரர் என்னைக் கேட்டார். பொருளாதாரம் கற்பித்த எனக்கு அன்று விடை தெரியவில்லை.

ஆம், பழுதோடுதான் கிளப்புகிறார்கள். அதில் தவறும் இல்லை. ஒவ்வொரு விமான நிறுவனமும் 'குறைந்தபட்ச உபகரணப் பட்டியல்' ஒன்றை வைத்திருக்கிறது. எந்தக் கருவி இயங்காவிட்டாலும், எந்த நிபந்தனையுடன், எத்தனை நாள் பறக்கலாம் என்பதை அது வரையறுக்கிறது. சில பழுதுகளுக்கு 3 நாள், சிலவற்றுக்கு 10 நாள், பயணத்துக்கு அவ்வளவாகத் தேவைப்படாதவற்றுக்கு 120 நாள் என்று கெடு உண்டு. நான்காவது வகைப் பழுதுகளுக்குப் பட்டியலே தனித்தனியாகக் கெடு விதிக்கிறது. பனிக்கட்டி படிவதைத் தடுக்கும் கருவி பழுதென்றால், பனி உறையும் மேகங்களைத் தவிர்த்துப் பாதை வகுக்க வேண்டும். பறப்புத் திட்டம் வகுக்கும் அலுவலர் அதற்கேற்ப எரிபொருளையும் சுமையையும் மறுபடி கணக்கிடுவார். பட்டியல் அனுமதித்தாலும், 'இந்த விமானத்தை எடுக்க மாட்டேன்' என்று சொல்லும் உரிமை தலைமை விமானிக்கு உண்டு.

பொருளாதார மொழியில் சொன்னால், இது ஒரு கடன் வசதி. இன்று செய்ய வேண்டிய பழுதுபார்ப்பை நாளைக்குத் தள்ளிவைக்கும் சலுகை. உரிய காலத்தில் அடைத்தால் கடனால் கேடில்லை. வருமானம் இல்லாதவன் அன்றாடச் செலவுக்கே கடன் வாங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. லாரித் தொழிலுக்குப் பேர்பெற்ற நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாடகை கட்டுப்படியாகும் பருவத்தில் டயர் மாறும். கட்டுப்படியாகாத பருவத்தில் அதே டயர் இன்னொரு நடை போய்வரும்.

வானத்திலும் இதுதான் நடந்தது. 2022-இல் ஸ்பைஸ்ஜெட் விமானங்களில் 18 நாள்களில் எட்டு கோளாறுகள் நேர்ந்தன. ஜூலை மாதத் தொடக்கத்தில் டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகம் அந்நிறுவனத்துக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. பொருள் வழங்குவோருக்கு ஒழுங்காகப் பணம் தராததால் உதிரிபாகங்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, பட்டியலின் சலுகை அடிக்கடி பயன்படுத்தப்படுவதாக அதில் கூறப்பட்டிருந்தது. இந்த உண்மை 2021 செப்டம்பர் மாத நிதி ஆய்விலேயே தெரிந்துவிட்டது என்பதுதான் கவனிக்கத்தக்கது. நோட்டீஸ் செல்ல ஏறத்தாழ பத்து மாதங்கள் ஆயின. பின்னர் ஜூலை 27-இல், எட்டு வாரங்களுக்குப் பாதி சேவைகளை மட்டுமே இயக்க வேண்டும் என்று கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. பழுதுடன் அனுப்பப்படும் விமானங்களின் எண்ணிக்கை கூடிவருவதாக அதே மாதம் மற்ற நிறுவனங்களிலும் நடந்த திடீர் ஆய்வுகள் காட்டின.

தள்ளிவைத்த ஒரு சிறு பழுது என்ன செய்யும் என்று கேட்கலாம். 2008 ஆகஸ்ட் 20-இல் மாட்ரிட் விமான நிலையத்தில் ஸ்பேன்ஏர் விமானம் ஒன்றில், வெளிக்காற்றின் வெப்பத்தை அளக்கும் கருவியின் சூடேற்றி தரையிலேயே இயங்கியது. பட்டியல் அனுமதித்தபடி அதன் மின்னிணைப்பைத் துண்டித்து விமானத்தை அனுப்பினர். இறக்கை மடிப்புகளை விரிக்க விமானிகள் மறந்தனர்; அதை உணர்த்த வேண்டிய எச்சரிக்கை ஒலி எழவில்லை. 154 பேர் மாண்டனர். சூடேற்றிக்கும் எச்சரிக்கை அமைப்புக்கும் பொதுவான மின் இணைப்பான் ஒன்று இருந்தது விசாரணையில் தெரியவந்தது. அறிகுறியை அடக்கினார்கள், நோயைத் தேடவில்லை.

2025 ஜூனில் ஆமதாபாதில் விழுந்த ஏர் இந்தியா விமானத்திலும் அச்சுப்பொறி, விமானி அறைக் கதவுக் கண்காணிப்பு உள்ளிட்ட சில பழுதுகள் தள்ளிவைக்கப்பட்டிருந்ததை முதற்கட்ட அறிக்கை பட்டியலிட்டது. அவை விபத்துக்குக் காரணம் என்று அறிக்கை கூறவில்லை. ஆனால், ஒரு விமானத்தின் பழுதுக் கணக்கைப் பொதுமக்கள் பார்க்க ஒரு விபத்து நேர வேண்டியிருக்கிறது என்பது கவலைக்குரியது.

ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை பழுதுகளைத் தள்ளிவைத்தது, அவற்றில் எத்தனை உதிரிபாகம் இல்லாததால் நேர்ந்தவை என்பதை மாதந்தோறும் டிஜிசிஏ வெளியிட வேண்டும். நேரந்தவறாமை, ரத்தான சேவைகள், பயணிகளின் புகார்கள் ஆகிய கணக்குகளை மாதந்தோறும் வெளியிடும் அமைப்புக்கு இது இயலாத காரியமல்ல. நிறுவனத்தின் நிதிநிலை தளரும்போதே தொழில்நுட்ப ஆய்வு இறுக வேண்டும். அதற்கு டிஜிசிஏவில் ஏறத்தாழ பாதியளவு காலியாகக் கிடக்கும் தொழில்நுட்பப் பணியிடங்கள் முதலில் நிரப்பப்பட வேண்டும். மறுக்கும் விமானிக்குப் பாதுகாப்பு வேண்டும்.

2023 அக்டோபரில் சேலத்திலிருந்து விமான சேவை மீண்டும் தொடங்கிய பிறகு, நாமகிரிப்பேட்டை மஞ்சள் வியாபாரிக்கும் விமானப் பயணம் எட்டும் தொலைவுக்கு வந்துவிட்டது. மலிவுக் கட்டணம் நல்லதே. ஆனால், அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் உரிமை பயணச்சீட்டு வாங்குபவருக்கு உண்டு. நிறுவனத்தின் கடனைப் பயணியின் உயிரை ஈடுவைத்து வாங்க யாருக்கும் உரிமை இல்லை.