தகப்பனும் பிந்தித்தான் கதைத்தவன்

"தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவன், இவனும் கதைப்பான்." திருகோணமலை உப்புவெளியில் முன்பள்ளி நடத்தும் எனக்கு இந்தப் பதில் மனப்பாடம். மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லையே, டொக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டால் அப்பம்மா முந்திக்கொண்டு சொல்வது இதுதான். தாய் வாய் திறப்பதில்லை. திறந்தால், போனைக் கொடுத்துப் பிள்ளையைக் கெடுத்தவள் என்ற பேச்சு அவள் தலையில் விழும்.

இப்போது என்னிடம் ஒரு சிறுவன் வருகிறான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். நிலாவெளி வீதியில் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டால் கேற்றடிக்கு ஓடுவான். சோடா மூடிகளை நிறம் பார்த்து அடுக்குவான். ஒன்றை நகர்த்தினால் அழுது தீர்ப்பான். வேண்டியதை விரலால் காட்டமாட்டான், என் கையைப் பிடித்து இழுத்துப் போய் அலுமாரியில் வைப்பான். காது கேட்கிறது, கெட்டிக்காரன் என்று வீட்டார் ஆறுதல் அடைகிறார்கள். ஓட்டிசம் இருக்குமோ என்று பார்க்கும் வைத்தியர் முதலில் விசாரிப்பதும் இவற்றைத்தான்.

அப்பம்மா சொல்வதில் பாதி சரி: ஓட்டிசத்தில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, தாய்மேல் பழி இல்லை. தாயின் அன்புக் குறைவே ஓட்டிசத்துக்குக் காரணம் என்று மேல்நாட்டு வைத்தியர்களே ஒருகாலத்தில் எழுதினார்கள். ஆனால் 1977இல் போல்ஸ்டீன், ரட்டர் என்ற ஆய்வாளர்கள் இரட்டையரை ஆராய்ந்தார்கள். உருவொத்த 11 சோடிகளில் 4இல் இருவருக்குமே ஓட்டிசம் இருந்தது. உருவொவ்வாத 10 சோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. 2020இல் வந்த பெரிய ஆய்வொன்று, ஓட்டிசத்தோடு தொடர்புள்ள 102 பரம்பரையலகுகளைப் பட்டியலிட்டது. அவற்றில் பெரும்பாலானவை மூளை உருவாகும் ஆரம்ப காலத்திலேயே வேலை செய்பவை. போன் பிள்ளையின் கைக்கு வருவது அதற்கு வெகுகாலம் கழித்து. "பரம்பரை வியாதி" என்று பிள்ளையின் அக்காவின் கலியாணத்தைக் குழப்பப் பார்ப்பவர்களுக்கும் இதில் பதில் உண்டு: இத்தகைய மாற்றங்களில் பல, தாயிடமும் தகப்பனிடமும் இல்லாமல் பிள்ளையில் புதிதாகத் தோன்றியவை.

"இவனும் கதைப்பான்" என்ற மற்றப் பாதிதான் ஆபத்தானது. சந்தோஷ் கிரிராஜனும் சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ச்சி பிந்திய பிள்ளைகள் சிலரிடம் 16ஆம் நிறமூர்த்தத்தின் சிறு துண்டொன்று இல்லாதிருப்பதைக் கண்டார்கள். பெரும்பாலும் அந்தக் குறை தாயிடமோ தகப்பனிடமோ இருந்து வந்தது. பெற்றவர் சிறு சிரமங்களோடு சமாளித்து வளர்ந்திருக்க, பிள்ளைக்கு மட்டும் ஏன் இத்தனை பாதிப்பு? அந்தக் குறையுள்ள 42 பிள்ளைகளில் 10 பேரிடம் அதற்கு மேலதிகமாக இன்னொரு பெரிய மாற்றமும் இருந்தது. ஒரே குறை தகப்பனில் ஒருவிதமாகவும் மகனில் வேறுவிதமாகவும் வெளிப்படலாம். தகப்பன் பிந்தியாவது கதைத்தார் என்பது மகனும் கதைப்பான் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

பிந்திப் பேசும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஓட்டிசம் இல்லை; பலர் தாமாகவே பேசிவிடுவார்கள். யார் எவர் என்று வீட்டுத் திண்ணையில் இருந்து சொல்லமுடியாது என்பதால்தான் காட்டச் சொல்கிறேன். பேராசிரியை ஹேமமாலி பெரேரா குழுவினர் இலங்கையில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் காணப்பட்டது. அந்த வயதிலேயே கண்டுபிடிக்கலாம் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்று இருக்கிறது.

பதினெட்டாம் மாதத் தடுப்பூசிக்கு எப்படியும் கிளினிக்குக்குப் போகிறோம். பேருக்குத் திரும்புகிறானா, விரலால் காட்டுகிறானா என்று குடும்பநல மாது அன்றைக்கே ஒவ்வொரு தாயிடமும் கேட்கவேண்டும். தகப்பன் பிந்திக் கதைத்தவர் என்றால் அதையும் தாய் சொல்லவேண்டும்; சாட்டாக அல்ல, தகவலாக. சந்தேகம் வந்த பிள்ளையைக் காட்ட, கூலிக்குப் போகும் மீனவக் குடும்பம் 250 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து கொழும்புக்கு அலையக்கூடாது. பேச்சுச் சிகிச்சை இந்த மாவட்டத்திலேயே ஒழுங்காகக் கிடைக்கவேண்டும். மாகாண சுகாதாரத் திணைக்களம் அதைச் செய்யட்டும். அப்பம்மாவை ஓட்டோவில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு.