வழக்காட வாய் யாருக்கு?

கணபதியிலே ஒற்றை லேத்தை நம்பிப் பிழைக்கும் பட்டறைக்காரருக்கு ஜி.எஸ்.டி. நோட்டீசு வருகிறது. விசாரணைக்கு வா என்கிறது. தாமே போகலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால், சட்டமறியாதவர் போய் என்ன பேசுவார்? யாரை அனுப்புவார்?

2017-ஆம் ஆண்டின் மத்திய சரக்கு, சேவை வரிச் சட்டம், 116-ஆம் பிரிவிலே பட்டியல் தருகிறது. உறவினர் வரலாம்; நிலையான ஊழியர் வரலாம்; வழக்கறிஞர், ஆடிட்டர், செலவுக் கணக்காளர், கம்பெனி செயலாளர், ஜி.எஸ்.டி. பயிற்சியாளர் வரலாம். வரி இலாகாவிலே கெசட் பதவி வகித்தவர்கூட, ஓய்வு பெற்று ஓராண்டு கழிந்தால் வரலாம்!

பட்டறையின் பாடறிந்த சங்கச் செயலாளர்? அந்தப் பெயரால் வர அவருக்கு இடமில்லை!

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், தொழிலாளிக்காக வாதாடத் தொழிற்சங்க நிர்வாகிக்கு உரிமை தந்தது. எதிர்த்தரப்பு இசைந்து, தீர்ப்பாயமும் அனுமதித்தாலன்றி வழக்கறிஞர் அங்கே நுழைய முடியவில்லை. பஞ்சாலைத் தோழன் சங்கத்தின் வாயால் பேசினான். நீதி நிலைகுலைந்தா போயிற்று?

படித்தவரைப் பழிக்கவில்லை நாம். பணமுள்ளவனுக்கு ஆடிட்டர் உண்டு. இல்லாதவனுக்கு யார் என்றே கேட்கிறோம். அந்தப் பட்டியலிலே ஒரு வரி சேர்ப்பீர்! வரி கேட்பவன் குரல் ஓங்கி ஒலிக்கையிலே, வரி கொடுப்பவன் ஊமையாய் நிற்பதோ?