சாவி ஓரிடம், பெட்டி ஓரிடம்

உலகின் மிகப் பணக்கார அரசுக்கு அவ்வப்போது ஒரு விசித்திரமான கதி நேர்கிறது. கஜானாவில் பணம் இருக்கும். வரி வசூல் தடையின்றி நடக்கும். ஆனால் காலையில் வேலைக்கு வந்த அரசு ஊழியரிடம், 'வீட்டுக்குப் போங்கள், கூப்பிடும்போது வந்தால் போதும்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். 2025 அக்டோபர் 1 தொடங்கி நவம்பர் 12 வரை, 43 நாட்கள், அமெரிக்க மத்திய அரசின் பெரும்பகுதி இப்படித்தான் பூட்டிக் கிடந்தது. வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் லட்சக்கணக்கில். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துபவர்கள் போன்றோருக்கு அந்தச் சலுகையும் இல்லை. சம்பளமில்லாமல் வேலைக்கு வந்தார்கள்.

இந்தியாவில் இது நடக்காது. காரணம், இங்கே அரசியல்வாதிகள் அதிகப் பொறுப்பானவர்கள் என்பதல்ல, ஏற்பாடு வேறு. மக்களவையில் பட்ஜெட் தோற்றால் அரசு கவிழும். அதுவரை செலவுக்கு, இடைக்கால மானியம் என்ற கைமாற்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. ஆனாலும் அடுத்த சில நாட்களில், அதே மக்களவை பட்ஜெட்டை விவாதமே இல்லாமல் நிறைவேற்றிக் கொடுத்தது. இங்கே ஆட்சி போகும், அலுவலகம் திறந்திருக்கும். அமெரிக்காவில் அலுவலகம் மூடும், ஆட்சி அசையாது. அதிபருக்கு நான்காண்டுப் பதவி. பிரதிநிதிகள் சபையை அவர் கலைக்க முடியாது. பட்ஜெட்டை மறுத்து அவரை சபையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. இருவரும் முறைத்துக்கொண்டு நின்றால் நடுவில் நசுங்குவது நிர்வாகம்தான்.

1787இல் அரசியல் சட்டம் எழுதியவர்கள் இங்கிலாந்து மன்னர்களின் சரித்திரத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். வாளும் பணப்பையும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். எனவே படையின் தலைமையை அதிபருக்குக் கொடுத்தார்கள். பணத்தை காங்கிரஸிடம் விட்டார்கள். சட்டப்படி ஒதுக்கப்பட்டால் ஒழிய, கஜானாவிலிருந்து எந்தப் பணமும் எடுக்கப்படக் கூடாது என்கிறது முதல் பிரிவு. பெட்டி அதிபரின் அலுவலகத்தில். சாவி காங்கிரஸின் இடுப்பில்.

ஆனால் அலுவலகங்களை மூட வேண்டும் என்று அரசியல் சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஒதுக்கீடு இல்லாமல் அதிகாரிகள் செலவு செய்வதையும், கடன் சொல்லி வேலை வாங்குவதையும் தடுக்க 19ஆம் நூற்றாண்டில் ஒரு சட்டம் வந்தது. வேண்டுமென்றே மீறினால் இரண்டாண்டு வரை சிறை. இருந்தும் 1970களில் பட்ஜெட் தாமதமானபோதெல்லாம் அலுவலகங்கள் சிக்கனமாகச் செலவழித்து, கதவை மூடாமல் காலத்தை ஓட்டின. எப்படியும் பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கை. 1980இல் கார்ட்டர் அரசின் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி சட்டத்தை எழுத்துக்கு எழுத்து படித்தார். பணம் ஒதுக்கவில்லை என்றால் வேலையை நிறுத்தியே ஆக வேண்டும் என்று கருத்துச் சொன்னார். அடுத்த ஆண்டு, உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு தரும் பணிகள் தொடரலாம் என்று சற்றே தளர்த்தினார். இன்றைய மூடல்களுக்கெல்லாம் பிறப்புச் சான்றிதழ் அந்த இரண்டு கடிதங்கள்தான்.

முழுச் செலவும் நின்றுவிடுவதில்லை. முதியோர் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு போன்றவை நிரந்தரச் சட்டங்களின் கீழ் நடப்பவை. அவற்றுக்கு ஆண்டுதோறும் அனுமதி தேவையில்லை. காங்கிரஸ் ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டியது மொத்தச் செலவில் ஏறக்குறைய கால் பங்கு. ஆனால் ராணுவம் முதல் தேசியப் பூங்கா வரை, மக்கள் அரசு என்று கண்ணால் பார்ப்பதில் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கிறது. இதற்கான 12 மசோதாக்கள் அக்டோபர் 1க்குள் நிறைவேற வேண்டும். 1977க்குப் பிறகு காங்கிரஸ் இந்த வேலையைக் குறித்த நேரத்தில் முடித்தது நான்கே முறை. மற்ற ஆண்டுகளில் பழைய ஒதுக்கீட்டையே சில வாரங்களுக்கு நீட்டிக்கும் ஒட்டுப்போடும் வேலைதான்.

சாவியை ஆயுதமாக முழுவீச்சில் சுழற்றிப் பார்த்தவர் 1995இல் சபாநாயகராக இருந்த நியூட் கிங்ரிச். செலவைக் குறைக்கும் தன் திட்டத்துக்கு அதிபர் கிளிண்டனைப் பணிய வைக்க, நவம்பரில் ஐந்து நாட்களும், டிசம்பர் நடுவிலிருந்து 21 நாட்களும் அரசு முடங்கியது. ராபினின் இறுதிச் சடங்குக்குப் போய்த் திரும்பியபோது அதிபரின் விமானத்தில் தன்னைப் பின்வாசல் வழியாக இறக்கியதும் தன் கடுமைக்கு ஒரு காரணம் என்று கிங்ரிச் பத்திரிகையாளர்களிடம் சொல்லிவைத்தார். நியூயார்க் பத்திரிகை ஒன்று அவரை அழும் குழந்தையாக வரைந்து முதல் பக்கத்தில் போட்டது. பழி சாவி வைத்திருந்தவர் மேல் விழுந்தது. 1996 தேர்தலில் கிளிண்டன் வென்றார்.

அடுத்து வந்த அதிபர்கள் இன்னொரு பாடம் கற்றுக்கொண்டார்கள்: சாவி கிடைக்காவிட்டால் பெட்டியின் பின்பக்கத்தைத் தட்டிப் பார்க்கலாம். மெக்சிகோ எல்லையில் சுவர் கட்ட 570 கோடி டாலர் கேட்டு டிரம்ப் பிடிவாதம் பிடித்ததில், 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை 35 நாட்கள் மூடல். சுமார் எட்டு லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. விமானக் கட்டுப்பாட்டாளர்கள் பலர் வராமல் போய், நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையம் தடுமாறிய அன்றுதான் டிரம்ப் இறங்கி வந்தார். கேட்ட பணம் கிடைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து தேசிய நெருக்கடி என்று அறிவித்து, ராணுவக் கட்டடங்களுக்கு ஒதுக்கிய நிதியிலிருந்து 360 கோடி டாலரைச் சுவருக்குத் திருப்பினார். நெருக்கடியை ரத்து செய்து காங்கிரஸின் இரு சபைகளும் தீர்மானம் போட்டன. அதை டிரம்ப் வீட்டோ செய்தார். வீட்டோவை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், அது கிடைக்கவில்லை.

இதற்கு எதிர்மறையான தந்திரமும் உண்டு: காங்கிரஸ் செலவழிக்கச் சொன்ன பணத்தைச் செலவழிக்காமலே விடுவது. ஆறுகளைச் சுத்தம் செய்யும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தை நிக்சன் வீட்டோ செய்தார். காங்கிரஸ் அதையும் மீறி நிறைவேற்றியது. நிக்சன் பணத்தில் பாதியைத் தர மறுத்தார். 1974இல் இதற்கென்றே ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒதுக்கிய பணம் வேண்டாம் என்றால் அதிபர் காங்கிரஸிடம் கேட்க வேண்டும்; 45 நாட்களுக்குள் சம்மதம் வராவிட்டால் செலவழித்தே தீர வேண்டும். 1975இல் உச்ச நீதிமன்றமும் ஆற்றுப் பணத்தை நிறுத்தியது தவறு என்றது. பட்ஜெட்டில் பிடிக்காத வரிகளை மட்டும் அடிக்கும் அதிகாரத்தை 1996இல் காங்கிரஸே கிளிண்டனுக்குத் தூக்கிக் கொடுத்தது. 1998இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. சாவியைத் தானமாகக் கொடுக்கவும் உரிமையில்லை என்பது அதன் சாரம்.

2025இல் இந்த வேலிகளெல்லாம் ஒரே நேரத்தில் சோதனைக்கு உள்ளாயின. ஆகஸ்ட் கடைசியில், வெளிநாட்டு உதவிக்கான 490 கோடி டாலரை ரத்து செய்யச் சொல்லி டிரம்ப் கோரிக்கை அனுப்பினார். 45 நாள் கெடு முடிவதற்குள் நிதியாண்டே முடிந்துவிடும், பணமும் காலாவதியாகிவிடும். செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம், வழக்கு நடக்கும்வரை இதில் 400 கோடியை நிறுத்தி வைக்க இடைக்கால அனுமதி தந்தது. அக்டோபரில் மூடல் நடந்துகொண்டிருந்தபோது, ராணுவ ஆராய்ச்சி நிதியில் மிச்சமிருந்ததை எடுத்துச் சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்க உத்தரவிட்டார். சிப்பாய்க்குச் சம்பளம் போகக்கூடாது என்று எந்தக் கட்சிக்காரர் வாய் திறப்பார்? பின்கதவு திறப்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

சண்டையின் விலையைக் கொடுப்பவர்கள் வேறு. உணவு மானியத்தை நம்பியிருக்கும் சுமார் நாலு கோடி பேருக்கு 2025 நவம்பரில் பணம் வருமா என்பதே நீதிமன்றங்களில் இழுபறியானது. தொழிலாளர் துறை மூடியதால் எச்-1பி விசாவுக்கு முதல்படியான சான்று கிடைக்காமல் 2013இலும் 2025இலும் வாரக்கணக்கில் காத்திருந்தவர்களில் இந்தியர்கள் கணிசம். ஆனால் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் அதிபருக்கும் சம்பளம் ஒரு நாள்கூட நிற்காது. அதை அரசியல் சட்டமே காப்பாற்றுகிறது.

43ஆவது நாளில் பூட்டு திறந்தது. செனட்டில் தேவைப்பட்ட 60 வாக்குக்காக எதிரணியிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிக்க வேண்டும் என்று ஜனநாயகக் கட்சி தொடங்கிய போராட்டம், பின்னர் வாக்கெடுப்பு நடத்துவதாக ஒரு வாக்குறுதியோடு முடிந்தது.

சாவியை வைத்துக்கொண்டு சண்டை போடுவதற்கு காங்கிரஸுக்குத் தெரிகிறது. நேரத்துக்குப் பெட்டியைத் திறந்து எண்ணிக் கொடுத்துக் கணக்குக் கேட்பதற்குத்தான் தெரியவில்லை. ஒவ்வொரு மூடலிலும் மக்கள் அந்தச் சபைமேல் ஒரு படி நம்பிக்கை இழக்கிறார்கள். ஒவ்வொரு முறையும், சட்டத்தைச் சுற்றிப் போய்ச் சம்பளம் கொடுக்கும் அதிபர்தான் காரியம் தெரிந்தவராகத் தெரிகிறார். மன்னரிடமிருந்து பிடுங்கிய சாவியை யாரும் படையெடுத்து வந்து பறிக்க வேண்டியதில்லை. வைத்திருப்பவர்கள் துருப்பிடிக்க விட்டாலே போதும்.