ஓடும்போது பாட்டுக் கேட்கலாமா?

விடியற்காலையில் சென்னை மெரினா கடற்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். ஆண்களும் பெண்களும் ஓடிக்கொண்டு இருப்பார்கள். மாரத்தான் என்னும் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி செய்கிறவர்களும் அவர்களில் உண்டு.

மாரத்தான் என்றால் சின்னத் தூரம் அல்ல. 42 கிலோ மீட்டர், 195 மீட்டர்! சென்னையில் இருந்து திருவள்ளூருக்கு ரெயிலில் போகும் தூரம் ஏறக்குறைய இவ்வளவுதான்.

இதை ஓடி முடிக்கப் பல மாதம் பழக வேண்டும். சில நாட்களில் 2 மணி, 3 மணி நேரம் தனியாக ஓட வேண்டும். சலிப்புத் தட்டாதா? தட்டும். ஆகவே பலர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, பாட்டுக் கேட்டபடி ஓடுகிறார்கள்.

"பாட்டு இல்லாவிட்டால் கால் நகராது" என்கிறார்கள் சிலர். "பாட்டுக் கேட்டு ஓடுவது ஓட்டமே அல்ல" என்கிறார்கள் வேறு சிலர். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. பாட்டு நல்ல துணைதான். ஆனால் அதைக் கைத்தடி ஆக்கிக்கொள்ளக் கூடாது. வண்டிகள் ஓடும் சாலையில் அந்தத் துணையே வேண்டாம்.

ஏற்றப் பாட்டு

உழைப்புக்குப் பாட்டு துணை என்பது நமக்குப் புதிது அல்ல. கிணற்றில் ஏற்றம் இறைத்தவர்கள் பாடினார்கள். எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கும் அந்தப் பாட்டிலேயே வந்துவிடும். நாற்று நட்ட பெண்கள் பாடினார்கள். படகு வலித்தவர்கள் பாடினார்கள். பாட்டின் தாளத்துக்குக் கையும் காலும் சேர்ந்து அசைந்தன. களைப்புத் தெரியவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் வாயால் பாடினார்கள். காது திறந்தே இருந்தது. பக்கத்தில் இருப்பவர் "நிறுத்து" என்றால் உடனே கேட்டது. அவர்கள் களைத்தால் பாட்டும் மெதுவாகும்.

இயர்போனில் வரும் பாட்டு அப்படி அல்ல. நீங்கள் களைத்தாலும் அது வேகம் குறையாது!

விஞ்ஞானம் சொல்வது என்ன?

லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தில் காஸ்டாஸ் காரகியார்கிஸ் என்பவர் இதைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். மெதுவாகவும் நடுத்தர வேகத்திலும் ஓடும்போது, பாட்டுக் கேட்பவர்களுக்குக் களைப்புக் குறைவாகத் தெரிகிறது. மனம் பாட்டின் பக்கம் போய்விடுவதால், உடம்பின் முறையீடு அதற்கு எட்டுவது இல்லை.

மிக வேகமாக ஓடினால் நிலைமை வேறு. அப்போது மூச்சு வாங்கும். நெஞ்சு படபடக்கும். உடம்பு போடும் கூச்சலில் பாட்டு எடுபடாது.

புகழ் பெற்ற வீரர்

எத்தியோப்பியா நாட்டு வீரர் ஹைலே கெப்ரசெலாசியைப் பாருங்கள். 1998-ம் ஆண்டு இங்கிலாந்தில் உள்ள பர்மிங்காம் நகரில், உள்ளரங்கப் போட்டியில் 2,000 மீட்டர் ஓடினார். "ஸ்கேட்மேன்" என்ற துள்ளல் பாட்டை அரங்கத்தில் ஒலிக்கச் செய்தார்கள். அந்தத் தாளத்துக்கு ஏற்பக் கால் வைத்து ஓடினார். 4 நிமிடம் 52.86 வினாடியில் உலக சாதனை!

"பார்த்தீர்களா, பாட்டின் மகிமையை!" என்று சொல்லத் தோன்றும். பொறுங்கள். அதே வீரர் 2008-ம் ஆண்டு பெர்லின் மாரத்தானை 2 மணி 3 நிமிடம் 59 வினாடியில் ஓடினார். அதுவும் அன்றைக்கு உலக சாதனை. அப்போது அவர் காதில் இயர்போன் இல்லை. சிறு வயதில் அவர் பள்ளிக்கூடத்துக்கு ஓடியே போய் ஓடியே வந்தவர். அந்தப் பழக்கம்தான் அவரை ஓட வைத்தது.

பரிசு போயிற்று!

பரிசுக்கு ஓடுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். சர்வதேச தடகள விதிகளின்படி, பந்தயத்தில் ரேடியோ, செல்போன் போன்ற கருவிகளை வைத்திருப்பதே குற்றம்.

அமெரிக்காவில் 2007-ம் ஆண்டு ஓட்டக்காரர்கள் எல்லோருக்கும் இயர்போன் கூடாது என்று தடை போட்டார்கள். பொதுமக்கள் முணுமுணுத்தார்கள். 2008-ல், பரிசுக்கு ஓடுகிறவர்களுக்கு மட்டுமே தடை என்று மாற்றினார்கள். மறு ஆண்டே மில்வாக்கி நகர மாரத்தானில், வழியில் சிறிது தூரம் பாட்டுக் கேட்ட ஒரு பெண்ணின் பரிசு பறிபோயிற்று. எத்தனை மாத உழைப்பு!

நாள்தோறும் பாட்டோடு பழகியவர் பந்தயத்தன்று பாட்டு இல்லாமல் ஓட நேர்ந்தால் என்ன ஆவார்? பாதித் தூரத்திலேயே தடுமாறுவார்.

உயிரும் காதும்

பரிசு போனால் அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம். உயிர் போனால்? நம் ஊர்ச் சாலைகளில் ஓடுவதற்குத் தனிப் பாதை இருக்கும் இடங்கள் குறைவு. பின்னால் லாரி வரும். சந்தில் இருந்து மோட்டார் சைக்கிள் பாயும். நாய் துரத்தும். முதுகுப் பக்கம் நமக்குக் கண் இல்லை. காதுதான் அங்கே காவல்காரன். காவல்காரனின் வாயைக் கட்டிவிட்டு வீட்டைத் திறந்து போடலாமா?

காதின் நலமும் முக்கியம். 80 டெசிபல் சத்தம் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வண்டிச் சத்தத்தை அமுக்குவதற்காகப் பாட்டின் சத்தத்தைக் கூட்டுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

பூங்காவிலும் மைதானத்திலும் ஓடும்போது பாட்டுக் கேளுங்கள். சத்தத்தைக் குறைத்து வையுங்கள். சாலையில் இறங்கினால் இயர்போனைக் கழற்றிப் பையில் போடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது, அதுவும் நெடுந்தூரம் ஓடும் நாளில், பாட்டு இல்லாமல் ஓடிப் பழகுங்கள்.

அப்போது உங்கள் மூச்சே உங்களுக்குக் கணக்குச் சொல்லும். பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடிந்தால், வேகம் சரி. பேச முடியாமல் திணறினால், வேகம் அதிகம். இதைச் சொல்ல எந்தக் கருவியும் வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் ஓட ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். "பாட்டுக் கேட்காதே" என்று அதட்டவும் வேண்டாம். "சாலையில் மட்டும் காதைத் திறந்து வை" என்று சொல்லுங்கள். அது போதும்.