இடதுபக்கக் கதவு

வயது 58. இந்த வயதில் வீடியோ கேம் விளையாடினேன் என்று எழுதினால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

போன மாதம் அலமாரியைத் துப்புரவாக்கும்போது மகனுடைய பழைய பிளேஸ்டேசன் 3 அகப்பட்டது. 2016 இல் அவன் இங்கிலாந்துக்குப் போனபோது விட்டுவிட்டுப் போனது. (இத்தாலியப் பாஸ்போட் எடுத்த பலெர்மோப் பிள்ளைகளில் கனபேர் போன பாதைதான்.) எறியலாமா என்று போனில் கேட்டேன். "உள்ளுக்கை டார்க் சோல்ஸ் கிடக்கும் அப்பா. ஒருக்கா விளையாடிப் பாத்திட்டு எறியுங்கோ" என்றான். இன்னும் எறியவில்லை.

டார்க் சோல்ஸ் 2011 இல் வந்தது. ஜப்பானில் ஃபுரம்சொப்ட்வெயர் என்ற கொம்பனி, மியாசாக்கி ஹிதேத்தாக்கா என்பவரின் இயக்கத்தில் செய்தது. வாள், கேடயம், பூதம், பறவைநாகம் எல்லாம் வருகிற கற்பனை உலகம். கஷ்டமான விளையாட்டு என்று பெயரெடுத்தது. 14 வயதில் என்ர பெடியன் இதற்கு முன்னால் இருந்து அழுததும் கத்தினதும் எனக்கு நினைவிருக்கிறது. அப்போது நான் திரையைப் பார்த்ததில்லை, சத்தத்தைக் குறை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

கதை தொடங்கும் இடத்தின் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்டெட் அசைலம். சாகாதவர்களை அடைத்து வைக்கிற இடம். ஆங்கிலத்தில் அசைலம் என்றால் விசராஸ்பத்திரியும்தான். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரேயொரு அர்த்தம்தான் உண்டு, அதை "அடிப்பது" என்றுதான் சொல்வோம். இத்தாலியில் இன்னும் விசேஷம். அசீலோ என்றால் அரசியல் தஞ்சம், அசீலோ என்றால் பாலர் பள்ளிக்கூடமும். நான் வந்த புதிதில், காலையில் அசீலோவுக்குப் போகிறேன் என்று ஒரு கிழவி பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல, இந்த வயதில் இந்த மனிசிக்கு என்ன பிரச்சினையோ என்று பாவப்பட்டிருக்கிறேன். 1990 வரை ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வந்தவர்களை இத்தாலி பொதுவாக அகதியாக ஏற்பதில்லை. அந்த வருடம் வந்த மார்தெல்லி சட்டம்தான் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தது. அதே சட்டத்தில் பேப்பர் இல்லாதவர்களுக்கு வேலை விசாவும் கொடுத்தார்கள். நாங்கள் கனபேர் அந்த வரிசையில்தான் நின்றோம். ஆகவே பேப்பரில் நான் அகதி இல்லை, தொழிலாளி.

சரி, விசயத்துக்கு வருவோம்.

நீங்கள் ஒரு சிறைக்குள் இருக்கிறீர்கள். கூரையில் இருக்கிற ஓட்டையால் ஒரு வீரன் எட்டிப் பார்த்து ஒரு பிணத்தைக் கீழே தள்ளிவிடுகிறான். பிணத்தில் திறப்பு இருக்கிறது. கையில் உங்களுக்கு இருப்பது உடைந்த வாள். உடைந்த வாள் என்றால் பாதியாவது இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை, பிடியும் அதற்கு மேல் விரலளவு இரும்பும்தான். வெளியே வந்து, ஏணியில் ஏறி, முற்றத்தில் நெருப்பு ஒன்றை மூட்டி, எதிரே நிற்கிற பெரிய கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போனால், மேலே இருந்து தொம்மென்று விழுகிறது பூதம். மலை மாதிரி வயிறு, அதைத் தூக்கவே முடியாத மாதிரிச் சின்னச் செட்டை, கையில் தூண் அளவு தண்டாயுதம்.

நான் நின்று அடித்தேன். அடித்தால் அதன் உயிர்க்கோடு ஒரு மயிரளவு குறைகிறது. அது ஒருமுறை வீசினால் எனக்குப் பாதி உயிர் போகிறது. செத்தேன். நெருப்படியில் எழும்பித் திரும்பப் போனேன். செத்தேன். ஆறு தரம். ஆறாம் தரம் போனை ஸ்பீக்கரில் போட்டு மகனைக் கூப்பிட்டேன்.

"அப்பா, ஏன் நிண்டு அடிபடுறீங்கள்? கையிலை வாளே இல்லையே. ஓடுங்கோ. இடப்பக்கம் பாருங்கோ, ஒரு கதவு திறந்து கிடக்கும். ஸ்காப்பா, அப்பா, ஸ்காப்பா!"

(ஸ்காப்பா என்றால் இத்தாலியில் ஓடு. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பதறினால் இத்தாலியன்தான் வரும்.)

பார்த்தேன். மண்டபத்தின் இடது மூலையில் சின்னக் கதவு ஒன்று உண்மையாகவே திறந்துதான் இருந்தது. ஆறு தரமும் அது அங்கேதான் இருந்தது. நான் பூதத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் காணவில்லை. ஓடினேன். உள்ளே புகுந்ததும் பின்னால் இரும்புக் கம்பிக் கதவு விழுந்து மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் விளையாட்டே தொடங்குகிறது. ஓடினவனுக்குக் கேடயம் கிடைக்கிறது. உருப்படியான ஆயுதம் கிடைக்கிறது. படியில் உருண்டு வருகிற இரும்புக்குண்டு உடைத்த சுவருக்கு அப்பால், திறப்புப் போட்ட அதே வீரன் சாகக் கிடக்கிறான். தன்னால் முடியாமல் போன வேலையை உங்களிடம் சொல்லி, காயம் ஆற்றுகிற மருந்துக் குப்பியையும் தந்துவிட்டுப் போய்விடுகிறான். பிறகு படியேறிப் போனால் அதே மண்டபத்துக்கு மேலே ஒரு மாடம். கீழே பூதம் நிற்கிறது. அங்கிருந்து குதித்து, விழுகிற போதே ஆர் 1 ஐ அழுத்தினால் வாள் அதன் தலையில் இறங்கும். நான் முதல் தரம் பிந்தி அழுத்தி, சும்மா அதன் காலடியில் போய் விழுந்து செத்தேன். இரண்டாம் தரம் சரி. அந்த ஒரு குத்திலேயே உயிர்க்கோட்டில் பெரிய துண்டு ஒன்று போய்விட்டது. மிச்சத்துக்கு அதன் காலைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். பின்பக்கம் நின்றால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம், எழும்பிப் பறந்து தொப்பென்று குந்தும்! வென்றபோது எனக்குக் கை நடுங்கியது. மனிசி வந்து பிரஷர் குளிசை போட்டீர்களா என்று கேட்டா.

முதல் சந்திப்பிலேயே அந்தப் பூதத்தைக் கொல்லவும் வழி இருக்கிறதாம். தொடக்கத்தில் கறுப்பு நெருப்புக்குண்டு என்ற பொருளைத் தெரிவு செய்துகொண்டு வந்தால் எறிந்து முடிக்கலாம். மகன் சொன்னான். ஆனால் அது இரண்டாம் மூன்றாம் முறை விளையாடுகிறவனுடைய கெட்டித்தனம். முன்னால் என்ன நிற்கிறது என்று தெரியாமல் முதல்முறை கதவைத் திறக்கிறவனிடம் அந்தக் குண்டு இராது. எங்கள் சனத்தில் இன்றைக்கும் சிலர், அப்போது நின்றிருந்தால் இப்படிச் செய்திருக்கலாம், அப்படிச் செய்திருக்கலாம் என்று பேசும்போது இனிமேல் எனக்கு இந்தக் கறுப்புக்குண்டுதான் நினைவுக்கு வரும்.

பலெர்மோவில் இருந்துகொண்டு வாள்ச்சண்டை பற்றி எழுதுகிறவன் பூப்பியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தெயாத்ரோ மாஸ்ஸிமோவுக்குப் பக்கத்தில், ஒலிவெல்லா ஒழுங்கையில் மிம்மோ கூத்திக்கியோ குடும்பத்தின் பொம்மலாட்டக் கொட்டகை இருக்கிறது. யுனெஸ்கோ 2001 இல் இந்தக் கலையைப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. பலெர்மோப் பொம்மை 80 சென்ரிமீற்றர் உயரம், முழங்கால் மடங்கும், வாளைத் தானே உருவித் தானே உறையில் போடும். சண்டை சூடானால் பொம்மையை ஆட்டுகிறவர் மேடைப் பலகையில் காலால் ஓங்கி மிதிப்பார். தலைகள் உருளும், உடம்பு இரண்டாகப் பிளக்கும். எங்களூர்க் கூத்தில் அண்ணாவியார் தாளம் போட அரசன் வாளைச் சுழற்றி ஆடி வருவது மாதிரியே இருக்கும்.

மகனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு ரொன்சிவால்லே. ஓர்லாந்தோ பின்படையோடு மாட்டிக்கொள்கிறான். எதிரி கணக்கில்லாமல் வருகிறான். கொம்பை ஊது, அரசன் திரும்பி வரட்டும் என்று கூட்டாளி ஒலிவியேரோ கெஞ்சுகிறான். பழைய பிரெஞ்சுக் கதையில் ஓர்லாந்தோ மாட்டேன் என்கிறான், குடும்பத்துக்கு வெட்கமாம். ஊதும்போது நேரம் போய்விட்டது. எல்லோரும் சாகிறார்கள். சபை கண்ணீர் விட்டுக் கைதட்டியது. என்ர பெடியன் மட்டும் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஏன் அப்பா அவர் ஓடேல்லை?" என்று கேட்டான். வீரன் ஓடமாட்டான் என்றேன்.

"நீங்கள் ஓடித்தானே வந்தனீங்கள்?"

ஆறு வயது! ஜெலாத்தோ வாங்கித் தருகிறேன் என்று சொல்லிக் கதையை மாற்றினேன்.

அவனுக்கு இருபது வருடமாகச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். 1989. எங்கள் பக்கத்தில் பிள்ளை பிடிப்பு நடந்த மாதங்கள். யார் பிடித்தது என்று எழுதவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒருநாள் பின்னேரம் வாகனச் சத்தம் கேட்டது. எனக்கு 22 வயது. பக்கத்து வீட்டுக் கூட்டாளியும் எங்கள் விறாந்தையில்தான் இருந்தான். நான் எழும்பி வாசலுக்குப் போகப் பார்த்தேன். என்ன ஏது என்று கேட்கலாம், படிக்கிற பெடியன் என்று சொல்லலாம் என்ற எண்ணம். அம்மா குசினியால் வந்து என் பிடரியில் பிடித்துப் பின்வளவுக்குத் தள்ளிக்கொண்டு போனா. இடப்பக்கக் கிடுகுவேலியில் ஒரு பொட்டு இருந்தது, நாயும் கோழியும் போய்வருகிற பொட்டு. "ஓடு மோனை, திரும்பிப் பாராதை" என்றா. கூட்டாளியையும் கூப்பிட்டா. அவன், நான் ஒண்டும் செய்யேல்லையே மாமி, நான் ஏன் ஓடவேணும் என்று நின்றான். பிறகு அவனை ஒருவரும் காணவில்லை.

எங்களுக்குப் படிப்பித்த தமிழில் இருக்கிற தாய் வேறு. புறநானூறு 278, காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. மகன் புறமுதுகு காட்டினான் என்று பலர் சொல்ல, அப்படியானால் அவன் பாலுண்ட முலையை அறுப்பேன் என்று வாளோடு களத்துக்குப் போகிற கிழவி. மகன் உடம்பு சிதைந்து துண்டாகிச் செத்துக் கிடப்பதைக் கண்டு, பெற்றபோதைவிடச் சந்தோசப்படுகிறா. பள்ளிக்கூடத்தில் இதை எங்களுக்குச் சொல்லித் தந்தபோது எல்லோருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. என் தாயைப் பற்றிப் பாட்டு இல்லை. வேலிப் பொட்டுக்குள்ளால் பிள்ளையைத் தள்ளிவிட்ட தாய்மாரைப் பற்றி ஒரு பாட்டும் இல்லை, அவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தும். குஜராத்தில் டாகோர் என்ற ஊரில் கண்ணனை ரண்சோட் என்றே கும்பிடுகிறார்கள், போர்க்களத்தை விட்டுப் போனவன் என்று அர்த்தம். ஜராசந்தனிடமிருந்து சனத்தைக் காப்பாற்றத் துவாரகைக்குப் போனவன். கடவுள் ஓடலாம், நாங்கள் ஓடினால் மட்டும் கோழை.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் நான் எனக்கு வக்கீல் வேலை பார்க்கிறேன் என்று அர்த்தம். ஓடினதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கம் அதற்குப் பிறகு செய்ததில். அந்த விளையாட்டில் மாடத்துக்கு ஏறினவன் தானே குதிக்கிறான். நாங்கள் ஏறி நின்றோம், குதிக்கவில்லை. கீழே நின்றவர்களைப் பார்த்து அடி அடி என்று கத்தினோம். பலெர்மோவில் ஒவ்வொரு நவம்பரிலும் மண்டபம் எடுத்தோம். புறமுதுகு காட்டாத இனம் என்று பேசினவருக்கு முன்வரிசையில் இருந்து கைதட்டினேன். நான், வேலிப் பொட்டால் வந்தவன்! என் மகன் அப்போது மேல்மாடியில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தான். கீழே பூதத்துக்கு முன்னால் பிடி மட்டும் உள்ள வாளோடு நின்றது வேறு யாரோவின் பிள்ளைகள். 2009 மே மாதம் வரை அவர்களுக்கு இடதுபக்கக் கதவு ஒன்று இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டவர்களைத் துரோகி என்று சொன்னபோதும் பேசாமல் இருந்தேன்.

அம்மா 2006 இல் செத்தா. ஏ9 பாதை பூட்டியிருந்த நேரம், போக முடியவில்லை. 2014 இல் போனேன். கிடுகுவேலி இல்லை, ஆள் உயரத்துக்கு மதில் கட்டியிருக்கிறார்கள். பொட்டு இருந்த இடத்தைத் தங்கச்சிக்குக் காட்டினேன். அவவுக்கு நினைவில்லை.

இப்போது விளையாட்டில் நான் நிற்கிற இடத்தைச் சொல்லி முடிக்கிறேன். பூதத்தை வென்றபின் பெரிய காகம் ஒன்று உங்களைத் தூக்கிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விடும். அங்கே ஒரு காகக்கூட்டைத் தேடி ஏறி, அதற்குள் சுருண்டு கிடந்தால் திரும்பவும் அந்த அசைலத்துக்கே கொண்டுவந்து விடும். யாரும் போகச் சொல்வதில்லை. மகன் சொன்னதால் போனேன். நான் முதலில் அடைபட்டிருந்த அறைக்குள் ஒரு பொம்மை கிடந்தது, எடுத்தேன். எனக்குக் குப்பி தந்துவிட்டுச் செத்த அந்த வீரனும் அங்கேதான் நடமாடுகிறான். புத்தி பேதலித்து, என்னை அடையாளம் தெரியாமல் வாளைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அவன் இப்ப பழைய ஆள் இல்லை அப்பா, அடியுங்கோ" என்கிறான் மகன் போனில். கேடயத்தைப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு நகர்ந்து நிற்கிறேன். மனிசி சாப்பிடக் கூப்பிட்டா. மெசினை நிறுத்திவிட்டுப் போனேன்.